புல் முளைக்காத மண்

எங்கள் பக்கத்தில் ஒருவர் வீடு கட்டினால், வாசலையும் ஜன்னலையும் யாரும் முதலில் பார்ப்பதில்லை. ரோட்டைவிட எவ்வளவு உயரம் என்றுதான் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் யார் வீட்டுக்குள் நுழையும், யார் வீட்டு வாசலோடு திரும்பும் என்பதை அந்த உயரம்தான் முடிவு செய்யும். ரோட்டுக்குப் புதிதாகத் தார் போடும்போதெல்லாம் ரோடு ஒரு படி ஏறிக்கொள்ளும், வீடுகள் ஒரு படி இறங்கிக்கொள்ளும். அதனால் புது வீடு என்றால் முதல் செலவு மண்ணுக்குத்தான்.

அந்த மண் எங்களிடம் கிடையாது. காரைக்காலில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும், இல்லையென்றால் கடல் வந்துவிடும். அந்தப் பக்கத்து ஆட்கள் மது பாட்டிலுக்காக இங்கே வருவார்கள். நாங்கள் மண்ணுக்காக அங்கே போவோம். இங்கே இருப்பது வயல். வயலைத் தோண்டி மனையை மேடாக்க யாருக்கு மனசு வரும்? அங்கிருந்து மண் லாரி வரவேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும், செக்போஸ்ட் தாண்ட வேண்டும். வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது விலையைக் கேட்டால் வயிறு எரியும்.

என் பிறந்த வீடு போலகத்தில். அப்பா போன பிறகு அம்மாவும் அண்ணனும் அண்ணியும் அங்கே இருந்தார்கள். நான் அம்பகரத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணனுக்குக் கல்யாணமாகி வெகு காலம் குழந்தை இல்லை. அண்ணி உண்டானதும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பழைய வீடு மழைக்கு ஒழுகும், தரை ஓதம் அடிக்கும், குழந்தையை அதில் போடமுடியாது என்று கொல்லையில் புது வீடு கட்டப்போவதாகச் சொன்னான். கொல்லை என்றால் பெயருக்குத்தான். அது ஒரு பள்ளம். கார்த்திகையில் குளம் மாதிரி நிற்கும், தையில் வற்றும்.

அந்தப் பள்ளத்துக்கும் பழைய வீட்டுக்கும் நடுவில்தான் எங்கள் அடிபம்பு இருந்தது. அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. கடல் பக்கத்தில் இருக்கிற ஊரில் நல்ல தண்ணீர் அகப்படுவது குலுக்கல் சீட்டு மாதிரி. பக்கத்து வீட்டில் போர் போட்டால் உப்புக் கரிக்கும். எதிர்வீட்டில் போட்டால் துரு வாடை அடிக்கும். எங்கள் பம்பில் மட்டும் இளநீர் போல வந்தது. துவரம்பருப்பைப் போட்டு அடுப்பை மூட்டிவிட்டுத் திரும்பினால் வெந்திருக்கும். சாயங்காலமானால் தெருவே குடத்தோடு வந்துவிடும். வீட்டுப் பக்கவாட்டில் இருக்கிற படல் கதவை அம்மா பகலில் சாத்தியதே இல்லை. அவள் படித்ததில்லை, நகை நட்டு பெரிதாக இல்லை. ஆனால் தெருவுக்கே தண்ணீர் கொடுக்கிறவள் என்கிற கர்வம் அம்மாவுக்கு நிறையவே உண்டு. பக்கத்துப் பட்டினத்துக் கடற்கரையிலிருந்து மொபெட்டில் கூடை கட்டி வருகிற மீன்கார அக்காகூட வியாபாரம் முடிந்து எங்கள் பம்பில் கை கால் கழுவி, வயிறு நிறையக் குடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்.

என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அம்மா கட்டைப்பையில் இரண்டு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் கொண்டுவருவாள். பஸ்ஸில் காரைக்கால் வந்து, அங்கே பஸ் மாறி, இடுப்பொடிய அதைத் தூக்கிக்கொண்டு வருவாள். "ஒன் வீட்டுத் தண்ணியில டீ போட்டா டீ மாதிரியா இருக்கு?" என்பாள். என் மாமியாருக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும்.

அண்ணன் மண்ணுக்கு அலைந்துகொண்டிருந்தபோதுதான் அந்த லாரிக்காரர் வந்தார். எங்கேயோ ஒரு கம்பெனியில் கழித்துப்போடுகிற மண் மலையாகக் குவிந்துகிடக்கிறதாம். இடத்தைக் காலி செய்து கொடுத்தால் போதுமாம். மண்ணுக்கு விலையே கிடையாது. அண்ணன் எனக்குப் போன் செய்து சொன்னபோது குரலில் லாட்டரி விழுந்த சந்தோஷம். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அதை அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் நினைத்துக்கொள்ளவில்லை. நானும்தான் நினைத்துக்கொள்ளவில்லை.

முதல் லாரி வந்த அன்று நான் போலகத்தில் இருந்தேன். இந்த மாதிரி மண்ணெல்லாம் இருட்டில் திருட்டுத்தனமாக வரும் என்று நினைப்பார்கள். எங்கள் வீட்டுக்குப் பட்டப்பகலில், ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. சாம்பல் நிறம். அங்கங்கே வெள்ளைக் கட்டிகள். கையில் எடுத்தால் மாவு மாதிரி ஒட்டியது. வாடை என்று பெரிதாக ஒன்றுமில்லை, புதிதாக வெள்ளையடித்த சுவரின் வாடை கொஞ்சம் இருந்தது. லாரிக்காரர் அதைக் காலால் மிதித்துக் காட்டினார்.

"தண்ணி பட்டா சிமெண்டு மாரி இறுகிடும்ண்ணே. புல்லு மொளைக்காது, கரையான் அண்டாது, பாம்பு பூச்சி வராது. நீங்க மருந்து அடிக்கிற வேலையே இல்ல."

"புல்லு கூடவா மொளைக்காது?" என்றாள் அம்மா ஆச்சரியத்தோடு.

"ஒண்ணும் மொளைக்காதும்மா. நான் கொட்டுன எடத்துல எல்லாம் பாத்துருக்கேன்ல."

அதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். இப்போது நினைத்தால் செவிட்டில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. விவசாயக் குடும்பம் நாங்கள். புல் முளைக்காத மண் என்று ஒருவன் சொன்னால் அவனை அந்த லாரியோடு திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் வயலுக்கு ஒரு புத்தி, மனைக்கு ஒரு புத்தி எங்களுக்கு. மனையில் புல் முளைப்பது தொந்தரவு. கரையான் பரம்பரை விரோதி. அம்மா உள்ளே போய்த் தேங்காய் எடுத்துவந்து லாரிச் சக்கரத்துக்கு முன்னால் உடைத்தாள். முதல் மண் சரிந்து விழுந்தபோது சூடம் ஏற்றினாள். லாரிக்காரருக்குப் பம்பில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "தண்ணி தேனா இருக்கும்மா" என்றார்.

பள்ளத்தை நிரவியதும் மண்ணை அமுக்க வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம் அது. மேடாக்கிய இடத்தில் தண்ணீரைக் கட்டி ஊறவிட்டால் மண் தானாக இறுகி உட்காரும். அண்ணன் அடிபம்பு குழாயிலேயே மோட்டார் பொருத்தி, அந்த மண்ணுக்கு எங்கள் நல்ல தண்ணீரைப் பாய்ச்சினான். காலையும் மாலையும் வரப்புக் கட்டி வயலுக்குப் பாய்ச்சுகிற மாதிரி பாய்ச்சினான். அதோடும் போதாது. மேடாக்கிய மனை ஒரு மழைக்காலம் கிடந்த பிறகுதான் அஸ்திவாரக் கடைக்கால் தோண்ட வேண்டும் என்பதும் எங்கள் வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் மண் குடிக்க வேண்டும். அந்த வருஷம் மழையும் வஞ்சகமில்லாமல் பெய்தது. மண் எல்லாவற்றையும் குடித்தது. ஒரு சொட்டு வெளியே வழியவில்லை என்று அண்ணன் பெருமையாகச் சொன்னான்.

விஷம் என்றால் கருப்புப் புகையாக வரும், பெரிய குழாயிலிருந்து நுரைத்துக்கொண்டு ஆற்றில் விழும் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். டிவியில் அப்படித்தான் காட்டுவார்கள். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, நாமே தண்ணீர் விட்டு மண்ணுக்குள் இறக்குகிற விஷத்தை எந்த டிவியிலும் காட்டியதில்லை. காசு கொடுத்துச் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்பார்கள். நாங்கள் காசுகூடக் கொடுக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் கொல்லையில் தவளை கத்தவில்லை. அம்மா அதைப் போனில் சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை. "நிம்மதியா தூங்குறோம்டி" என்றாள். தைப்பொங்கலுக்கு நான் போனபோது பம்படி வாழைகள் ஓரம் கருகிக் குலை தள்ளாமல் நின்றன. வாடல் நோய் என்று அண்ணன் சொன்னான், நானும் தலையாட்டினேன்.

பிறகு பருப்பு வேகாமல் போயிற்று. அம்மா முதலில் பருப்பைத்தான் சந்தேகப்பட்டாள். மளிகைக்கடைக்காரரிடம் போய்ப் பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறீர்களா என்று சண்டை போட்டாள். கடையை மாற்றினாள். குக்கருக்குப் புது ரப்பர் போட்டாள். கேஸ் சிலிண்டரைக்கூடத் திட்டினாள். தண்ணீரை மட்டும் அவள் நினைக்கவே இல்லை. தண்ணீரைச் சந்தேகப்படுவது அவளுக்குப் பெற்ற தாயைச் சந்தேகப்படுகிற மாதிரி.

அடுத்து நடந்ததுதான் எங்கள் மாதிரி ஆட்களுக்கு மட்டுமே நடக்கக்கூடியது. தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அம்மா வாசற்படிக்கு மஞ்சள் பூசினாள். பம்புத் தண்ணீரில் குழைத்த மஞ்சள். பூசிவிட்டுக் குங்குமம் எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் படி சிவந்துகிடந்தது. குங்குமம் வைப்பதற்கு முன்பே வைத்த மாதிரி. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்தார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பத்ரகாளி வந்துருக்காங்க. பேரப்புள்ள பொறக்கப் போற நேரம், வேற என்னா?" என்றாள். அம்மா அங்கேயே விழுந்து கும்பிட்டாள். அன்று சாயங்காலமே எனக்குப் போன். எங்கள் அம்பகரத்தூர்க் காளிதான் அங்கே வந்து படியேறியிருக்கிறாள், நீ கோயிலில் ஒரு விளக்குப் போடு என்றாள். நான் போட்டேன்.

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்று தெரியாத பெண் எங்கள் ஊரில் ஒருத்தியும் கிடையாது. கல்யாணம், காது குத்து, சடங்கு என்று வாழ்நாளெல்லாம் ஆரத்தி கரைக்கிறவர்கள் நாங்கள். ஆனாலும் அந்தச் சிவப்பைப் பார்த்து எங்களுக்குச் சாமிதான் ஞாபகத்துக்கு வந்தது, சுண்ணாம்பு வரவில்லை.

மாசியில் மீன்கார அக்கா பம்படியில் கை கழுவிக்கொண்டே, "என்னாமோ கை எரியுதுங்கம்மா" என்றாராம். மீன் வெட்டுகிறவர் கையில் எப்போதும் கீறல் இருக்கும். "முள்ளு குத்தியிருக்கும், மஞ்சளை வை" என்று அம்மா அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம் அவர் வண்டியில் ஒரு பாட்டில் தொங்க ஆரம்பித்தது. எங்கள் வாசலில் நின்று அம்மாவோடு பேசுவார், தன் பாட்டிலில் குடிப்பார். அம்மாவுக்கு அதில் மனத்தாங்கல். "எந் தண்ணி அவளுக்கு எளப்பமாப் போயிட்டு" என்று என்னிடம் குறைப்பட்டாள்.

அண்ணிக்கு அவளுடைய தாய்வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. சில மாதம் கழித்து, ஒரு நல்ல நாள் பார்த்துக் குழந்தையைப் போலகத்துக்கு அழைத்துவந்தார்கள். ஆரத்தி எடுக்க அத்தைக்காரி நான் காலையிலேயே போய்விட்டேன். அண்ணன் கொல்லையில் செங்கல் இறக்கி வைத்திருந்தான். கடைக்கால் தோண்ட அடுத்த வாரம் நாள் பார்த்திருந்தார்கள். ஆட்டோ தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்டதும் நான் பித்தளைத் தாம்பாளத்தில் பம்புத் தண்ணீர் ஊற்றி மஞ்சள்பொடியைத் தூவினேன். அம்மா வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

தட்டு ஏற்கெனவே சிவந்திருந்தது.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "சுண்ணாம்பு போட்டுட்டியா?"

"இல்லம்மா. நீதான் வச்சிருக்கியே."

அவள் தன் விரலைப் பார்த்தாள். வெள்ளை அப்படியே இருந்தது. தட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பி, வாசலிலிருந்தே தெரிகிற பம்பைப் பார்த்தாள், அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் இறுகிக்கிடந்த மேட்டைப் பார்த்தாள். பருப்பு, வாழை, வாசற்படி, மீன்கார அக்காவின் கை என்று ஒவ்வொன்றாக அவள் முகத்தில் வந்து போனதை நான் பார்த்தேன். ஆட்டோ வந்து நின்றுவிட்டது. அண்ணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி இறங்கினாள்.

அந்தத் தண்ணீராலேயே ஆரத்தி சுற்றினேன். வேறு என்ன செய்ய? வாசலுக்கு வந்த குழந்தையைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? சுற்றி முடித்ததும் பொட்டு வைக்கத் தட்டில் விரலைத் தோய்த்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். "புள்ளைக்கு வைக்காத" என்றாள் மெதுவாக. அன்றைக்குக் குழந்தையைக் கடைக் கேன் தண்ணீரில் குளிப்பாட்டினோம். தெருவுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்த வீட்டில், முதல் பேத்திக்குத் தண்ணீர் கடையிலிருந்து வந்தது.

தண்ணீர் சோதிக்கிற ஆபீஸிலிருந்து ஒரு தம்பி வந்து பாட்டிலில் பிடித்துப்போனார். பிறகு அவரே நேரில் வந்தார். நல்ல பிள்ளை.

"குடிக்க வேணாங்க. சமையலுக்கும் வேணாம். சின்னப் புள்ளைக்கு மேலுக்குக்கூட ஊத்தாதீங்க."

"காய்ச்சிக் குடிக்கலாமா தம்பி?" என்றாள் அம்மா.

"காய்ச்சுனா கிருமிதாங்க சாவும். இது சாவாது. காய்ச்சக் காய்ச்ச இன்னும் கெட்டியாவும்."

"எப்ப சரியாவும்?"

அவர் மேட்டைக் காட்டினார். "அது இங்க கெடக்குற வரைக்கும் ஆவாதுங்க. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சி கீழ எறங்கும். அடித்தண்ணி கெழக்க பாத்துப் போவுது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லி வைங்க."

கிழக்கே எங்கள் தெருவின் பாதி இருக்கிறது. அவர் போகும்போது பம்பில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார். வாசற்படியில் சாமி வைத்த சிவப்பென்று கும்பிட்ட அம்மா, இந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் லாரிக்காரருக்குப் போன் போட்டான். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. எந்தக் கம்பெனி, எந்த ஊர், மண்ணில் என்ன இருந்தது, எதுவும் அவன் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்களே, அந்தப் பழக்கம்தான். புகார் கொடுத்தோம். வந்து பார்த்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். கொடுத்தவன் யார் என்று தெரியவில்லை, வாங்கியவன் மட்டும் விலாசத்தோடு நின்றான். இப்படிப்பட்ட மண்ணைக் கண்ட இடத்தில் கொட்ட முடியாது, அதற்கென்று தனி இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அது எங்கள் சக்திக்கு எட்டாத செலவு. வீட்டுக்குச் சேர்த்துவைத்ததை எல்லாம் கொடுத்தாலும் பாதி மண்கூட நகராது.

"ஊரைக் கூட்டிச் சொல்லிக்கிட்டிருக்காத. பம்பு ரிப்பேருன்னு சொல்லு, போதும்" என்றான் அண்ணன். அவன் பயம் எனக்குப் புரிந்தது. கேஸ் வருமோ, தெரு சண்டைக்கு வருமோ என்று பயந்தான். ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அம்மா எங்கள் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொள்ளப் பம்புப் பக்கம் போனவள், பாதியில் நின்று, கழுவாமலே திரும்பி, வேறு புடவை மாற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

நானும் கூடப் போனேன். வீட்டுக்கு வீடு ஒரே வார்த்தைதான். "எம் பம்புல தண்ணி எடுக்காதீங்க. அந்த மண்ணால கெட்டுப்போச்சு. ஒங்க பம்பையும் சோதிச்சிப் பாருங்க." சிலர் உட்காரச் சொல்லி ஆறுதல் சொன்னார்கள். ஒருவர் தன் பிள்ளைக்கு வந்த சிரங்கு இதனால்தானா என்று கேட்டார். கடைசி வீட்டில் ஒருத்தி நிலைப்படியில் சாய்ந்தபடி, "புது வீடு கட்டப் போறீங்க, தெரு சனம் உள்ள வர்றது ஒங்களுக்குப் புடிக்கல. தண்ணி குடுக்க மனசில்லன்னா நேரா சொல்லிட்டுப் போங்களேன், மண்ணு மேல எதுக்குப் பழி போடுறீங்க?" என்றாள். அம்மா வீடு திரும்பியதும் படலை இழுத்துச் சாத்தினாள். துருப்பிடித்த கொண்டியை மாட்ட அவளுக்கு வெகு நேரமாயிற்று. என்ன சொல்லியும் அன்று சாயங்காலம் பழக்க தோஷத்தில் இரண்டு மூன்று பேர் குடத்தோடு வந்து படலுக்கு வெளியே நின்று திரும்பினார்கள்.

அண்ணி குழந்தையோடு தாய்வீட்டுக்கே போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தான்.

ஆவணியில் இன்னொரு லாரி வந்தது. வேறு ஆள். எப்படியோ கேள்விப்பட்டு வந்திருக்கிறார். நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். மண்ணைத் தானே அள்ளிக்கொண்டு போய்விடுகிறேன், ஒன்றும் தரவேண்டாம் என்றார். அண்ணன் முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியதைப் பார்த்தேன். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அம்மா படலுக்கு உள்ளே நின்றபடி கேட்டாள்.

"அள்ளிக்கிட்டுப் போயி எங்க கொட்டுவ?"

"குரும்பகரத்துப் பக்கம் ஒரு மனை பள்ளமா கெடக்குங்கம்மா. மேடாக்கணும்னு கேட்டுருக்காங்க."

"இது என்னா மண்ணுன்னு அவங்ககிட்ட சொன்னியா?"

அவர் சிரித்தார். "மண்ணு மண்ணுதாம்மா."

"அவங்க வீட்ல பம்பு இருக்கா?"

"எந்த வீட்லம்மா பம்பு இல்ல?"

அம்மா கொண்டியை எடுக்கவில்லை. "வண்டியைத் திருப்பிக்க தம்பி" என்றாள்.

அண்ணன் அன்றைக்குக் கத்திய மாதிரி நான் பார்த்ததில்லை. "எம் புள்ளை இந்த வீட்டுக்கு வர வேணாமா? யாரோ எவரோ, அவங்களுக்காக நான் எம் புள்ளைய வுட்டுட்டு இருக்கணுமா?" என்று கத்திவிட்டுச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து அழுதான். அம்மாவும் அழுதாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். "அந்த மொத லாரிக்காரன்கிட்ட இதை யாராவது கேட்டிருந்தா, நம்ம வீட்டுக்கு வந்துருக்காதுல்லடா." யார் பக்கம் நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அம்மா சொன்னது சரி. அண்ணன் அழுததும் சரி.

மண் அங்கேயே கிடந்தது. புரட்டாசிக் கடைசியில் அம்மா பெரிய நீலத் தார்ப்பாய் ஒன்று வாங்கிவரச் செய்து மேட்டின் மேல் போர்த்தினாள். காற்றுக்குப் பறக்காமலிருக்க, வீட்டுக்கென்று இறக்கிய செங்கல்லைச் சுற்றிலும் பாரம் வைத்தாள். அண்ணன் தானும் வந்து செங்கல் எடுத்துக் கொடுத்தானாம். அத்தனை பெரிய மேட்டுக்குத் தார்ப்பாய் எந்த மூலைக்கு? ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் திறந்துகொள்ளும்.

ஐப்பசி பிறந்து சில நாளில் அம்மா அம்பகரத்தூர் வந்தாள். கட்டைப்பையில் அதே இரண்டு பாட்டில். காலியாக இருந்தன. வந்ததும் அவற்றை என் சமையல்கட்டில் வைத்தாள். "போவும்போது புடிச்சிக் குடுடி" என்றாள். என் மாமியார் தானே எழுந்து போய்ப் பாட்டில்களைக் கழுவி நிரப்பிவைத்தார்.

கோயிலுக்குப் போனோம். அந்த வருஷம் மழை தள்ளிக்கொண்டே போயிற்று. சம்பா விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் வந்தும் வராமலும் இருந்தது. சந்நிதியில் நின்ற பாதிப் பேர் மழைக்குத்தான் வேண்டியிருப்பார்கள், நானும் அதற்குத்தான் வேண்டினேன். அம்மா வெகு நேரம் கண்ணைத் திறக்கவில்லை. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது கேட்டேன்.

"என்னாம்மா இவ்வளவு நேரம்? பேத்தி வீட்டுக்கு வரணும்னா?"

"இல்லடி." அம்மா செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த வருசம் மழை வேணாம்னு வேண்டிக்கிட்டேன்."

"அம்மா, அப்படிச் சொல்லாத. ஊரே மழைக்குக் காத்துக் கெடக்கு."

"தெரியும். எனக்கும் வயலு இருக்கு, அதுவும்தான் காயுது. மழை பேஞ்சா அந்த மண்ணு கெழக்க போவுமேடி. அந்தச் சனமெல்லாம் எந் தண்ணியக் குடிச்ச சனம்."

உழுது பிழைக்கிற குடும்பத்தில் பிறந்து, உழுது பிழைக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். மழை வராத வருஷம் பட்டினி கிடந்து பார்த்தவள். அவள் வாயில் இப்படி ஒரு வேண்டுதல் வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவளே அடிக்கப் போயிருப்பாள். இரண்டு பாட்டிலையும் பஸ்ஸில் ஏற்றி, அவள் மடியில் வைத்துவிட்டு இறங்கினேன்.

பஸ் போன கொஞ்ச நேரத்தில் தூற ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் கொட்டியது. எங்கள் தெருவில் பெரியவர்கள்கூடக் குடையில்லாமல் வாசலில் வந்து நின்று நனைந்தார்கள். என் வீட்டுக்காரர், நாற்று பிழைத்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

நான் போலகத்துக்குப் போன் போட்டேன். அண்ணன்தான் எடுத்தான்.

"அம்மா வந்து சேந்துட்டாங்களாண்ணே?"

"வந்துட்டு. கொல்லையில நிக்குது, தார்ப்பாயைப் புடிச்சிக்கிட்டு. உள்ள வான்னா வரமாட்டேங்குது. இரு, நானும் போறேன்."

போனை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டான். அணைக்கவில்லை. நானும் அணைக்கவில்லை. அதில் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.